கதவைத் திறந்தவர்கள்: சேலத்தில் நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழன்

திருச்சியில் காலை எட்டு மணிக்கு ஏறிய பஸ் முசிறி, தொட்டியம், நாமக்கல் என்று நின்று நின்று வந்து, சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது மணி பன்னிரண்டரை. தை மாத வெயில் உறைக்கவில்லை. ஐந்து ரோடு பக்கம் ரூம் எடுத்துப் பையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வடக்கே சேர்வராயன் மலை நீலமாக நின்றது. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். "ஏற்காடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினான்.

நான் இங்கே சுற்றிப் பார்க்க வரவில்லை. என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் தோழி, இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில் வளர்ந்தவள். அகதி முகாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததை 2021-லிருந்து அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்கிறது. அவளுக்கு அந்தப் பெயர் மாற்றம் பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, "எங்கம்மா உயிரோட இருக்கிறதே ஒரு சிங்கள அம்மாவாலதான்" என்றாள். அந்த அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாள். கேட்டதே இல்லையாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய யூதரல்லாத மனிதர்களை, 1963-லிருந்து எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் தேடித் தேடிக் கௌரவித்து வருகிறது. இதுவரை 28,000 பேருக்கும் மேல். விவசாயிகள், பாதிரியார்கள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், போலீஸ்காரர்கள் என்று பலர். கௌரவிப்பதற்கு விதிமுறைகள் உண்டு. உதவியவர் தன் உயிரையோ சுதந்திரத்தையோ பணயம் வைத்திருக்க வேண்டும். கூலிக்காகச் செய்திருக்கக் கூடாது. ஆதாரமும் வேண்டும், அதில் பெரும்பாலும் முதலில் வருவது காப்பாற்றப்பட்டவர் சொல்லும் வாக்குமூலம்தான். பிழைத்தவர் வாய் திறக்காவிட்டால் காப்பாற்றியவர் காணாமல் போய்விடுவார்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. சரி, ஒரு வாக்குமூலமாவது எடுத்து எழுதிவைப்போம் என்று நான்கு நாள் லீவு போட்டேன். தோழி நாளைக் காலை வருகிறாள்.

சாயங்காலம் ஒரு தட்டுவடை செட். பீட்ரூட் துருவலும் இரண்டு சட்னியும் வைத்து இவர்கள் கொடுக்கிற மாதிரி வேறு ஊரில் வருவதில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

முகாமின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். ஓமலூரைத் தாண்டிப் போக வேண்டும் என்பது மட்டும் போதும். வழியெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு, நடுநடுவே சேகோ மில்கள். சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி காய்கிறது. கிழங்கு புளித்த வாடை பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ." அம்மா வாசலிலேயே நின்றார். முன்பக்கம் ஒரு அறை, பின்னால் ஒட்டிக் கட்டிய சமையல் இடம். சுவரில் மடு மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில். எது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. தேத்தண்ணி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. குடித்து முடிக்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை. அப்புறம் என் போனைக் காட்டி, "இதுல பதியுதோ?" என்று கேட்டார். பதிகிறது என்றதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

1983-ல் அவருக்கு 24 வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு, கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. ஜூலை 23 ராத்திரி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் செத்தார்கள். 24-ம் தேதி ராத்திரி கொழும்பில் சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைக்க ஆரம்பித்தன. 25, திங்கட்கிழமை, கணவர் கடைக்குப் போய்விட்டார். பத்து மணிவாக்கில் தெருமுனையில் புகை.

"வாக்காளர் பட்டியல் கையில வச்சிருந்தவங்கள். எந்த வீடு தமிழ் வீடு எண்டு தேடத் தேவையில்லை. நம்பர் பாத்து வந்தாங்கள்."

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களப் பெண், தையல் தைப்பவர். இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதுவரை பெரிய பழக்கம் எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாயில் பார்த்தால் சிரிப்பது, ஒரு தடவை சட்டைக்கு அளவு கொடுத்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் பின்பக்கச் சுவரில் ஏறி நின்று கையை நீட்டினாராம். "வா எண்டு கூடச் சொல்லேல்லை. கையை மட்டும் நீட்டினவ. எனக்கு நாலு மாசம். ஏறமாட்டன் எண்டு தலையாட்டினன். அவ இறங்கி இந்தப் பக்கம் வந்து என்னைத் தூக்கி விட்டவ."

உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தப் பெண் ஈரத்துணியால் இவர் நெற்றியைத் துடைத்தார். பொட்டு போனது. தாலியைக் கழற்றச் சொன்னார். கழற்ற வரவில்லை, கை நடுங்கியது. அவரே பின்னாலிருந்து கழற்றி, சமையல் அறையில் இருந்த அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் புதைத்தார். தன் சட்டையையும் சீத்தைத் துணியையும் உடுத்தக் கொடுத்தார். பாயில் படுக்கவைத்து முகம்வரை போர்த்தினார்.

கதவு தட்டப்பட்டது. அம்மாவுக்கு ஓரளவு சிங்களம் தெரியும். போர்வைக்குள் இருந்து கேட்டதை அப்படியே சொன்னார். உள்ளே யார் என்று அவர்கள் கேட்டார்கள். "மகே நங்கி." என் தங்கச்சி. மாத்தறையிலிருந்து வந்திருக்கிறாள், அம்மை போட்டிருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று அந்தப் பெண் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாராம். யாரும் உள்ளே வரவில்லை.

இதைச் சொல்லும்போது அம்மா இரண்டு கைகளாலும் கதவு திறப்பதைக் காட்டினார். நான் போனைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்துவிட எப்படி மனசு வந்திருக்கும்? மூடினால் சந்தேகம் வரும் என்று அந்த ஒரு நொடியில் எப்படித் தோன்றியிருக்கும்? பொய் என்று தெரிந்திருந்தால் அந்த வீடும் எரிந்திருக்கும்.

நான்கு நாள் அங்கே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீடு எரிகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டார். ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணே விசாரித்து வந்து, ரத்மலானை விமான நிலையத்தில் ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, தன் தங்கச்சியாகவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கணவர் அங்கே இருந்தார். அவரை வழியில் ஒரு சந்தியில் நிறுத்தி, வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டார்களாம். சிங்களத்தில் பால்திய. தமிழ் நாக்கில் அது வேறு மாதிரி விழும். கடை முதலாளியோடு பழகிப் பழகி அவருக்குச் சரியாக வந்துவிட்டது. ஒரு சொல்லால் பிழைத்தவர்.

பிரியும்போது அந்தப் பெண் ஒரு பேப்பர் பொட்டலத்தைக் கையில் திணித்தார். தாலி. சங்கிலிக் கண்ணிகளில் அரிசித் தவிடு ஒட்டியிருந்ததாம்.

கணவர் காலமான பிறகு அந்தத் தாலியை உருக்கி மகளுக்குத் தோடு செய்தார். நான் திரும்பித் தோழியைப் பார்த்தேன். எத்தனையோ நாளாக எதிர் மேஜையில் பார்த்துக்கொண்டிருக்கிற அதே தோடு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா எல்லா இடத்திலும் நல்லவர்கள் உண்டு என்று முடித்துக்கொள்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தெருவில் திறந்தது ஒரு வீடு. பட்டியலை அச்சடித்துக் கொடுத்தவர்கள், தூக்கிக்கொண்டு வந்தவர்கள், ஜன்னலை மூடிக்கொண்டு பார்த்தவர்கள் எல்லோரும் அதே தெருவில், அதே நாளில் இருந்தார்கள். அவர்களை மறந்துவிட்டால் அந்தப் பெண் செய்தது எவ்வளவு பெரிது என்பதும் தெரியாமல் போய்விடும்.

கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து கணவரின் ஊரான மன்னார். 1990 ஜூனில் மறுபடி சண்டை. பேசாலையிலிருந்து படகில் ராமேஸ்வரம் பக்கம் வந்தார்கள், இரண்டு பிள்ளைகளோடு. தோழிக்கு அப்போது மூன்று வயது. படகுக்காரர் இரண்டு காப்புகளை வாங்கிக்கொண்டார். இருட்டில் ஒரு மணல் திட்டில் இறக்கி, இந்தியா வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். அந்த வழியாக வந்த ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் விரித்த வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு வந்து இவர்களை ஏற்றினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். தனுஷ்கோடியில் இறக்கிவிட்டார். ஒரு காசு வாங்கவில்லை.

நான் யாத் வஷேமின் விதியைச் சொன்னேன். கூலிக்குச் செய்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார், ஆகவே முதல் படகுக்காரரை விட்டுவிடலாம் என்றேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நேவி கண்டிருந்தா அவனையும் சேர்த்துத்தான் சுட்டிருப்பான். காப்பு ரெண்டு, படகில உயிர் ஆறு. கணக்குப் பாருங்கோ."

கணக்குப் பார்த்தேன். இருந்தாலும் வலையைச் சுருட்டியவர்தான் எனக்கு மேலே நிற்கிறார். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "அது உங்கட மனசு" என்றார்.

மத்தியானம் சோறு, சொதி, நெத்தலிப் பொரியல். சொந்தப் பிள்ளைக்குப் போடுவதுபோல் போட்டார்.

அந்தச் சிங்களப் பெண்ணின் பெயரை மட்டும் இன்று சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டேன். "சொல்லுறன்" என்றார்.

மூன்றாம் நாள், சனி

அம்மா இந்த மலையை முப்பது வருஷத்துக்கும் மேலாக வாசலிலிருந்து பார்க்கிறார், ஏறியதில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. முகாமில் சொல்லிவிட்டு, கார் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனோம். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டுக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே காப்பிப் பழம் பறிக்கிற காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, நிழலில் சிவப்புச் சிவப்பாகக் காப்பிப் பழம். ஒரு பழத்தைப் பிதுக்கி அம்மா கையில் கொடுத்தேன், உள்ளே இரண்டு கொட்டை வழவழவென்று. வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இனிக்குது" என்றார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பதால் அவர் பெயரை ஊரில் இன்னும் சொல்கிறார்கள். பெரிய மனிதர்களின் பெயர் எப்படியும் நின்றுவிடுகிறது. போலந்து நாட்டுக் குழந்தைகளுக்கு 1942-ல் குஜராத்தின் பாலாசடியில் இடம் கொடுத்த நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜிக்கு வார்சாவில் ஒரு சதுக்கமே இருக்கிறது. தகும். தையல்காரிகளுக்குத்தான் யாரும் வைப்பதில்லை.

லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் உட்கார்ந்தோம். கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. அம்மா மேற்கே பார்த்து முகாம் எது என்று தேடினார். புகைமூட்டத்தில் தெரியவில்லை. அங்கே வைத்துத்தான் லு ஷாம்போன் கதையைச் சொன்னேன்.

பிரான்ஸில், இதுபோல ஒரு மலைமேட்டில், ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற கிராமம். ("குளிரோ?" பனியே பெய்யும் அம்மா.) 1940-ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற மறுநாளே அந்த ஊர்ப் பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே, மனசாட்சிக்கு விரோதமானதைச் செய்யச் சொன்னால் எதிர்ப்போம், ஆனால் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று பிரசங்கம் செய்தார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, பனியில் நனைந்த ஒரு யூதப் பெண் வீட்டுக் கதவைத் தட்டினாள், உள்ளே வரலாமா என்று கேட்டாள். பாதிரியாரின் மனைவி மக்தா கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மேட்டில் இருந்த கிராமங்களில் பண்ணை வீடுகள், விடுதிகள் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. போர் முடிகிறவரை சில ஆயிரம் பேர் அங்கே ஒளிந்திருந்தார்கள். நிறையப் பேர் குழந்தைகள்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்தவை?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நல்லவேளை, பதில் தெரிந்திருந்தது. ரேஷன் காலம் அது. போலி அடையாள அட்டையும் போலி ரேஷன் அட்டையும் அச்சடித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர், தானே ஒளிந்து வாழ்ந்த யூத இளைஞர் ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி.

"கள்ளக் கூப்பன்!" அம்மா சிரித்தார். இந்த இரண்டு நாளில் அப்போதுதான் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

1942 ஆகஸ்டில் போலீஸ் பஸ்களோடு வந்து, யூதர்களின் பட்டியலைக் கொடு என்று பாதிரியாரிடம் கேட்டார்கள் என்றேன். சிரிப்பு நின்றது. "பட்டியலோ" என்றார். அவர் கொடுக்கவில்லை அம்மா. குழந்தைகளைக் காட்டுக்குள்ளும் பண்ணைகளுக்குள்ளும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் எல்லாம் தப்பவில்லை. அடுத்த வருஷம் பாதிரியாரின் உறவினர் டானியல் த்ரோக்மேயை, அவர் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் நாஜிகளின் மைதானெக் வதைமுகாமில் 1944-ல் இறந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக எரிக் ஷ்வாமைப் பற்றிச் சொன்னேன். 1943-ல் அந்த ஊருக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்த சிறுவன். 2020 டிசம்பரில் 90 வயதில் காலமானபோது, சுமார் 20 லட்சம் யூரோவை அந்த ஊருக்கு எழுதிவைத்திருந்தார்.

"எனக்கு எழுதிவைக்க ஒண்டுமில்லை" என்றார் அம்மா. பிறகு, "அந்தப் புத்தகத்தைத் தாங்கோ."

என் நோட்டைக் கொடுத்தேன். பெயரைச் சொல்லப்போகிறார், நான்தான் எழுத வேண்டும் என்று நினைத்துப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பேனாவையும் கேட்டு வாங்கினார். தமிழில் எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு தடவை சிங்கள எழுத்தில் எழுத ஆரம்பித்தார். வெள்ளவத்தையில் கடைப் பலகை பார்த்துக் கற்றுக்கொண்டதாம். வட்டம் வட்டமான எழுத்துகள். இரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டார். சுண்டு விரலால் மடியில் எழுதிப் பார்த்தார். அடித்துவிட்டு மறுபடி எழுதினார். தோழி எட்டிப் பார்க்க வந்தாள், கையால் தடுத்தார். முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மன்னாருக்கு இரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் வரவில்லை. அந்தப் பெண்ணின் பிள்ளைகள் அங்கே இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் பெயரை இங்கே போட எனக்கு உரிமையில்லை. நோட்டில் இருக்கிறது. தோழி தேட ஆரம்பித்திருக்கிறாள்.

நான்காம் நாள், ஞாயிறு

மத்தியானம் பஸ் என்பதால் காலையில் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "இன்னொரு ஆள் இருக்கு" என்றார்.

முகாமிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சேகோ மில். ஞாயிறு என்றாலும் ஓடிக்கொண்டிருந்தது. கிழங்கு வந்துவிட்டால் போட்டு வைக்க முடியாது, அரைத்தே ஆக வேண்டும். தோல் உரித்த கிழங்கு ஒரு பக்கம், மாவுப் பால் தொட்டியில் தெளிந்துகொண்டிருந்தது, மாட்டுக்குப் போகும் திப்பி மூலையில் குவியல். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டியில் மாவு.

"அப்பாவைத் தேடி வந்தீங்களா? அவர் தவறிப் பத்து வருஷமாச்சுங்களே."

"தெரியும் தம்பி. சாவுக்கு வந்தனான்."

அவருக்கு நினைவில்லை. அம்மா சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். முகாமுக்கு வந்த புதிது, ஐப்பசி மழை. ராத்திரி காற்றில் கூரைத் தகரம் பறந்துவிட்டது. ஒன்பது குடும்பம், கைக்குழந்தைகளோடு ரோட்டில் நின்றார்கள். உங்க அப்பா லாந்தரோடு வந்தார். இந்தக் குடோனைத் திறந்தார். உள்ளே கூரைவரை மூட்டை. ஆட்களை எழுப்பி மூட்டைகளை வெளியே போட்டு, தார்ப்பாயை மூடிவிட்டு, எங்களை உள்ளே விட்டார். மூன்று ராத்திரி. பிள்ளைக்குப் பால் இருக்கிறதா என்று மட்டும் வந்து கேட்பார்.

முதலாளி குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் சரக்கு பூரா நனைஞ்சு பெரிய நட்டம்னு எங்கம்மா இன்னமும் சொல்லுவாங்க. ஏன் நனைஞ்சுதுன்னு அப்பா யார்கிட்டயும் சொன்னதில்லீங்க."

அவர் உள்ளே பார்த்து மிஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் ஓய்ந்தது. ஒரு நாற்காலியை அம்மாவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "இருங்க, எங்கம்மாவைக் கூட்டியாறேன்" என்று வீட்டுப் பக்கம் வேகமாகப் போனார்.